மஞ்சளுக்கு விட்ட இடம்

ஏன் ஜப்பான், ஏன் கொரியா இல்லை என்று ஜெமிமா கேட்டிருந்தாள். ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஏறி, வழக்கமான ஜன்னல் இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டு பியூலா கைபேசியைத் திறந்தபோது அந்தக் கேள்வி அங்கே காத்திருந்தது. எல்லாரும் கொரியன் பாட்டுத்தானக்கா கேக்குறாங்க, நீங்க மட்டும் ஏன் ஜப்பான் குரூப்பையே கட்டிக்கிட்டு அழறீங்க, ட்ரெயின்ல போரடிக்குது, சொல்லுங்க. கட்டிக்கிட்டு அழறீங்க. மதுரையில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். சித்தி மகள், இருபத்தொரு வயது, யோசித்துப் பேசும் வழக்கம் இல்லாதவள். முதல் வேலைக்காக இன்று தாம்பரம் வருகிறாள். ரயில் தாமதம், மூன்றரைக்குத்தான் வரும் என்று சொல்லியிருக்கிறாள். பஸ்ஸும் அதே நேரத்துக்குத்தான் தாம்பரம் போய்ச் சேரும். அதற்குப் பிறகு ஜெமிமா செம்பாக்கத்து வீட்டுக்கு வருவாள், பியூலாவின் தங்கை ஷாரோனின் கட்டிலில் பையை வைப்பாள், ஷாரோனின் அலமாரியைத் திறப்பாள். அப்படி நடக்க வேண்டாம் என்றால் நான்கு மணிக்குள் பியூலா ஒரு போன் செய்ய வேண்டும். குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் பேசி வைத்திருக்கிறாள். அம்மாவுக்குத் தெரியாது, ஜெமிமாவுக்கும் தெரியாது. நான்கு மணிக்குள் சொல்லிவிட வேண்டும். முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லலாம். கேள்வி சின்னது. அவர்கள் பாடும்போது மூச்சு வாங்குவது கேட்கும், அதனால் பிடிக்கும் என்று தட்டினாள். மூச்சு என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழித்தாள்.

பஸ் கிளம்பியது. ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் பரிமளா இருக்கை தேடிக்கொண்டு நடுப்பாதையில் வந்தவள் பையைப் பார்த்தாள், பியூலாவைப் பார்த்தாள். பியூலாவின் வாய் தானாக ஆள் வருது என்றது. பதினான்கு மாதமாக அது தானாகத்தான் சொல்கிறது. கம்பெனி பஸ்ஸில் நடுவழியில் யாரும் ஏறுவதில்லை, இது எல்லோருக்கும் தெரியும், பரிமளாவுக்கும் தெரியும். "உங்க ஆளு ஷிஃப்ட் மாறிட்டாங்களா மேடம்? நான் பார்த்ததே இல்லையே," என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தாள். கிண்டல்தான், ஆனால் மெல்லிய குரலில், ஒரு வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற மாதிரி. பியூலா சிரித்துவைத்தாள். காலையிலிருந்து ஜப்பானிய இன்ஜினியருக்கும் லைன் ஆட்களுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்த தொண்டை வறண்டிருந்தது. அந்த வேலைக்காகத்தான் முதலில் ஜப்பான் பாட்டுகளே கேட்க ஆரம்பித்தாள், காது பழகுவதற்கு. ஷாரோன், வீட்டில் ஷாரு, கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு கேலி செய்வாள். பெரியவள் ஒரு கட்டிலில், சின்னவள் ஒரு கட்டிலில், நடுவில் ஒரு முழம் தரை. என்னக்கா இது, ஆபீஸ்ல இன்க்ரிமென்ட் தராங்கன்னு இதைக் கேக்குறியா, ஒருத்தி இடதுகாலை எடுத்தா இன்னொருத்தி வலதுகாலை எடுக்கிறா, பல்லு கோணல், பாதிப் பாட்டுல குரல் ஓடிப்போகுது, என்று சொல்லிக்கொண்டே போய், கடைசியில் அதைச் சொல்வாள். "மூச்சு வாங்குது பாரு. எங்க கொரியப் பொண்ணுங்கள்லாம் மூச்சே விட மாட்டாங்க." இதைத்தான் நினைக்கக் கூடாது என்று பியூலா ஒவ்வொரு நாளும் படப்பைவரை ஜாக்கிரதையாக இருப்பாள். பதினான்கு மாதத்துக்கு முன்னால், டெங்கு, ஐந்து நாள். ஐந்தாம் நாள் விடியற்காலையில் ஐ.சி.யூ. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தபோது ஷாருவின் மார்பு ஏறி இறங்கியது அளவு பிசகாமல், ஒரே தாளத்தில். பக்கத்துப் படுக்கையில் ஒரு பாட்டி கோணல்மாணலாக இழுத்து இழுத்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். பாட்டி பிழைத்துக்கொண்டாள். ஷாருவுக்கு மெஷின் மூச்சுவிட்டது. வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே லாரி, லாரி, மூடிய ஒரு பிரியாணிக் கடை, மறுபடி லாரி.

அவர்கள் தப்பு செய்வார்கள், அதனால் பிடிக்கும் என்று தட்டினாள். இது உண்மைதான், பாதி உண்மை. ஷாருவின் கொரியப் பெண்களும் மனுஷிகள்தான், அவர்களுக்கும் வியர்க்கும், அவர்களும் அழுவார்கள், ஷாரு அதையெல்லாம் வீடியோ வீடியோவாகக் காட்டியிருக்கிறாள். அவர்கள் மேல் பியூலாவுக்கு ஒரு குறையும் கிடையாது. எல்லாம் ஷாருவின் அந்தக் கறுப்புக் கோட்டில் ஆரம்பித்தது. அதைப் பற்றி இப்போது வேண்டாம். அழித்தாள். காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு தினமும் பார்க்கும் வீடியோவைப் போட்டாள். கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றின் குழு அது, பெரிய பேர் இல்லை, சில ஆயிரம் ரசிகர்கள் இருந்தால் அதிகம். ஐந்து பெண்கள். ஆளுக்கு ஒரு நிறம், சிவப்பு, நீலம், வெள்ளை, பச்சை, மஞ்சள். ரசிகர்கள் கையில் இருக்கும் விளக்குக் குச்சியில் தங்களுக்குப் பிடித்தவளின் நிறத்தை எரியவிட்டு ஆட்டுவார்கள். மேடை விளிம்பில் தரையில் எண்கள் எழுதி ஒட்டியிருக்கும், நட்ட நடுவில் பூஜ்ஜியம், அதிலிருந்து இரண்டு பக்கமும் ஒன்று, இரண்டு, மூன்று. யார் எப்போது எந்த எண்ணுக்கு நேராக நிற்க வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆட்டத்தின் கணக்கு. போன வருஷம் மஞ்சள் பெண் விலகினாள். விலகுவதை அங்கே பட்டமளிப்பு என்பார்கள், பள்ளிக்கூடம் முடித்துப் போகிற மாதிரி. கடைசி நாளன்று எல்லோரும் விளக்கை மஞ்சளாக்கினார்கள், மண்டபம் முழுக்க மஞ்சள், அவள் எல்லோரையும் கும்பிட்டுவிட்டுப் போனாள். இதுவரை எந்தக் குழுவிலும் நடப்பதுதான். அடுத்து நடந்ததால்தான் பியூலா இவர்களிடம் மாட்டிக்கொண்டாள். மீதி நான்கு பேரும் அவள் இடத்தை மூடவில்லை. ஆட்டத்தை மாற்றி அமைக்கவில்லை. பூஜ்ஜியத்துக்கு நேராக ஆள் இல்லை. இரண்டு பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம், நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு வெறும் மேடை. அவள் முன்னால் வர வேண்டிய இடத்தில் நான்கு பேரும் இரண்டாகப் பிரிந்து வழி விடுகிறார்கள். யாரும் வருவதில்லை. பிறகு அவரவர் எண்ணுக்குத் திரும்பி ஆடுகிறார்கள். அவள் பாடிய வரிகளை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, அந்த வரிகளுக்கு வெறும் தாளம் மட்டும் போகிறது, கூட்டம் சத்தமில்லாமல் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பில் பியூலாவுக்கு முதுகு சில்லிடும், தினமும், தவறாமல். இதோ வருகிறது. இரண்டாவது நிமிடம், பதினேழாவது நொடி. நான்கு பேர் பிரிகிறார்கள். வெள்ளைப் பெண்ணின் நெற்றி முடி, அவள் அசையாமல் நிற்கும்போது, ஒரு பக்கமாக எழுந்து விழுகிறது, பக்கத்தில் யாரோ வேகமாகக் கடந்துபோன மாதிரி. மேடையில் மின்விசிறி இருக்கும். நிச்சயமாக இருக்கும். மற்ற மூன்று பேரின் முடி ஏன் அசையவில்லை என்று கேட்டுக்கொள்ளாமல் இருக்க அவள் பழகியிருந்தாள். இந்தக் குழுவுக்கு இந்த மாதம் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். அவளுக்கு ஊதா நிறம் கொடுத்தார்கள். மஞ்சளை எடுத்துக் கொடுக்கவில்லை. ஊதாப் பெண் பச்சைக்கு அந்தப் பக்கம், ஓரத்தில், இதுவரை யாரும் நிற்காத எண்ணில் நிற்கிறாள். நடு இடத்துக்கு அவளும் வழி விடுகிறாள், தான் பார்த்தே இராத ஒருத்திக்கு.

கைபேசி அதிர்ந்தது. ஜெமிமா ரயில் ஜன்னலோரம் எடுத்த தன் படத்தை அனுப்பியிருந்தாள், செங்கல்பட்டு தாண்டியாச்சு என்று. பியூலா படத்தைப் பெரிதாக்கினாள், உடனே சின்னதாக்கினாள். முடி. போன கிறிஸ்துமஸுக்குப் பார்த்தபோது இடுப்புவரை இருந்த முடி காதோடு வெட்டியிருந்தது, இடப்பக்கம் வகிடு எடுத்து, ஒரு கற்றை புருவத்தில் விழுகிற மாதிரி. எப்பம்மா முடி வெட்டுனே என்று தட்டினாள். பதில் துள்ளிக்கொண்டு வந்தது. பெரியம்மாதான்க்கா சொன்னாங்க, மெட்ராஸ் தண்ணிக்குக் கொட்டிரும், குட்டையா வெட்டிட்டு வா, இப்படி வகிடு எடுத்தா உனக்கு நல்லாருக்கும்னு போட்டோ அனுப்புனாங்க, நல்லாருக்காக்கா? எந்த போட்டோ என்று பியூலா கேட்கவில்லை. அம்மாவின் கைபேசியில் ஷாருவின் எந்தப் படம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். போன வாரம் அம்மா ஷாருவின் சுடிதார்களை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டாள். பழைய வாடை போகட்டும் என்றாள். நேற்று ராத்திரி ஜெமிமாவோடு போனில் பேசும்போது, தேங்காய் எண்ணெய் எடுத்துட்டு வா ஷாரு என்றாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பியூலா தட்டில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அங்கே ஜெமிமா ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு சரிங்க பெரியம்மா என்றாள். திருத்தவில்லை. பெரியம்மா பாவம் என்று நினைத்திருப்பாள், நல்ல பிள்ளை. அம்மா போனை வைத்துவிட்டு ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டாம் முறை ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள். அம்மா சாப்பிட்டதைப் பார்த்து அப்பாவின் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, அதுதான் பியூலாவைப் பயமுறுத்தியது. அந்த நிம்மதி அவளுக்குப் பழக்கம். அதன் ருசி அவளுக்குத் தெரியும். ஒரு தடவை அவளே அதைச் சாப்பிட்டிருக்கிறாள், நான்கு நிமிடத்துக்கு. கோட்டு.

சரி, கோட்டு. ஷாரு கல்லூரியில் நான்கு தோழிகளோடு சேர்ந்து கொரியப் பாட்டுகளுக்கு ஆடுவாள், அசலில் எப்படி ஆடுகிறார்களோ அச்சு அசலாக அப்படியே, விரல் மடக்குவதுவரை. ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி கறுப்புக் கோட்டு, தோளில் வெள்ளி ஜிகினா. வேளச்சேரிப் பக்கம் ஒரு மாலில் போட்டி இருந்தது. அடக்கம் முடிந்து பதினோராம் நாள் போட்டி. ஒன்பதாம் நாள் தாரிணி என்ற தலைவிப் பெண் மற்ற மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நான்கு பேரும் அழுதார்கள், உண்மையாகவே அழுதார்கள். பிறகு தாரிணி சொன்னாள், ஐந்து பேர் ஆட்டம் ஆன்ட்டி, நாலு பேர்னா மேடை ஏறவே விட மாட்டாங்க, ஷாருவுக்காக ஆடணும்னு நினைக்கிறோம், வேற ஒரு பொண்ணு ரெடியா இருக்கா, கோட்டு மட்டும் தைக்க நேரமில்லை. அம்மா எழுந்து போய்க் கோட்டை எடுத்தாள். துவைத்திருந்தது. பியூலாதான் அதற்கு இஸ்திரி போட்டாள். தோளில் அரை அங்குலம் பிடித்துத் தைத்துக்கொள்ளச் சொன்னதும் அவள்தான். பதினோராம் நாள் போனாள். ஷாருவுக்காக ஆடுகிறார்களே, வீட்டிலிருந்து ஒருத்தராவது போக வேண்டாமா. முதுகைக் காட்டிக்கொண்டு ஐந்து பேர் நின்றார்கள். குட்டை முடி, ஜிகினா தோள். பாட்டு ஆரம்பித்தது. பியூலா எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. எண்ணிக்கை சரியாக இருந்தது. ஐந்து கைகள் சேர்ந்து எழுந்தன, ஐந்து தலைகள் சேர்ந்து திரும்பின, எங்கேயும் ஓர் இழை பிசகவில்லை, எங்கேயும் ஓர் இடம் காலியாக இல்லை, நெஞ்சில் பதினொரு நாளாக அழுத்திக்கொண்டிருந்த கல் எழுந்து போய்விட்டது, ஷாரு இன்னைக்கு நல்லா ஆடுறா என்று அவள் நினைத்தாள். வாய்விட்டே சொன்னாளோ என்னவோ. கை எரிகிற அளவுக்குத் தட்டினாள். நான்கு நிமிடம் ஷாரு சாகவில்லை. கடைசித் தாளத்தில் எல்லோரும் முன்னால் திரும்பினார்கள், அந்தக் கோட்டுக்கு மேலே இருந்த முகம் சிரித்தது. அழகான சிரிப்பு. யாரோ ஒரு பெண். பேர்கூட இன்றுவரை தெரியாது. அந்தப் பெண் மேல் என்ன தப்பு, தாரிணி மேல்தான் என்ன தப்பு. ஓர் ஆள் போன இடத்தை மூட ஒரு கோட்டும் ஒரு வகிடும் போதும் என்றும், மூடியபிறகு கண் தேடாது என்றும், கண் தேடாதபோது மனசு சந்தோஷமாக இருக்கும் என்றும் அன்றைக்கு அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அந்தச் சந்தோஷம்தான் பயம். இன்று மாலை ஜெமிமா துவைத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு கதவுப் பக்கம் முதுகைக் காட்டி நிற்பாள், பியூலா எண்ணுவாள், அம்மா, அப்பா, நான், ஷாரு, எண்ணிக்கை சரியாக இருக்கும். இந்தத் தடவை நான்கு நிமிடத்தோடு முடியாது. ஜெமிமாவும் கூப்பிட்ட பேருக்கெல்லாம் சரிங்க பெரியம்மா, சரிங்க பெரியம்மா என்று சொல்லிச் சொல்லி ஒரு நாள், மதுரையில் தன்னைப் பெற்றவள் போன் செய்து ஜெமிமா என்று கூப்பிடும்போது ஒரு கணம் நிறுத்துவாள். அனுப்பிவிடலாம். விடுதிக்கே அனுப்பிவிடலாம்.

மண்ணிவாக்கம் திருப்பத்தில் விடுதிக்காரம்மாவே கூப்பிட்டாள். கட்டில் வேணுமா வேணாமா, நாலு மணிக்கு இன்னொரு பிள்ளை பெட்டியோட வருது, என்றாள். நல்ல கட்டில்தானே என்று பியூலா கேட்டாள், என்ன கேட்பது என்று தெரியாமல். விடுதிக்காரம்மா சிரித்தாள். "நேத்து சாயங்காலம்வரைக்கும் ஒரு பிள்ளை படுத்துட்டு இருந்துச்சு, மெத்தைச் சூடுகூட ஆறலை. எங்ககிட்ட ஒரு நாளும் இடம் காலியா நிக்காதும்மா." பெருமையாகத்தான் சொன்னாள். பியூலாவின் கண்ணுக்கு வரிசையாக இரும்புக் கட்டில்கள் தெரிந்தன, ஒவ்வொன்றிலும் முதுகைக் காட்டிப் படுத்த ஒரு பெண், எண்ணிக்கை என்றைக்கும் சரியாக இருக்கும் ஓர் அறை. இடம் நிரம்புவதிலிருந்து தப்பிக்க அவள் ஜெமிமாவை அனுப்பப் பார்த்தது அந்த அறைக்கு. "அந்தப் பிள்ளைக்கே குடுத்துருங்க," என்றாள். சரியாகச் செய்தோமா என்று தெரியவில்லை. முடிச்சூர் ரோட்டில் பஸ் குதித்தது, பக்கத்து இருக்கையிலிருந்த பை சரிந்தது, அவள் கை நீட்டிப் பிடித்தாள், விழப்போகிற தங்கையைப் பிடிப்பது போல, அவ்வளவு அவசரமாக. பின்னாலிருந்து பரிமளா பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்கட்டும். புதிதாக வந்தவளுக்கு ஊதா கொடுத்தார்கள் என்று நினைத்தாள். ஊதா கொடுத்தார்கள். நடு இடம் அப்படியே இருந்தது, ஓரத்தில் ஒருத்தி கூடினாள். அவ்வளவுதான் செய்தார்கள். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருக்கிறதோ.

தாம்பரத்தில் ஜெமிமா நடைமேம்பாலத்துக்குக் கீழே இரண்டு பைகளோடு நின்றாள், முதுகைக் காட்டிக்கொண்டு. பியூலா அறுபதடி தூரத்தில் நின்றுவிட்டாள். கண் எண்ண ஆரம்பித்ததை நிறுத்த, "ஜெமிமா" என்று கூப்பிட்டாள், வேண்டியதற்கு மேல் சத்தமாக, நான்கு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. திரும்பிய முகம் ஜெமிமாவின் முகம், சித்தியின் மூக்கு, ரயில் புழுதி. என்னக்கா, செவிடியைக் கூப்பிடுற மாதிரி கூப்பிடுறீங்க என்று சிரித்தாள். இருவரும் கிழக்குப் பக்கம் இறங்கி, செம்பாக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். பஸ் இன்னும் கிளம்பவில்லை. மூன்று பேர் இருக்கையில் பியூலா ஜன்னலோரம் நகர்ந்து, பக்கத்தில் சாப்பாட்டுப் பையை வைத்தாள். கை அதுவாக வைத்தது. ஜெமிமா பையைப் பார்த்தாள், பாதையோர இருக்கையில் உட்கார்ந்தாள். காய்கறிப் பையோடு வந்த ஓர் அம்மா நடு இருக்கையைக் காட்டி, கொஞ்சம் பையை எடும்மா என்றாள். பியூலா வாயைத் திறப்பதற்குள் ஜெமிமா சொன்னாள். "ஆள் வருது." வர்ற ஆளு வந்தா எந்திரிச்சுக்க மாட்டேனா என்று முணுமுணுத்துக்கொண்டே அந்த அம்மா முன்னால் போனாள். பஸ் கிளம்பியது. ஜெமிமா குனிந்து, மெதுவாக, "யாருக்கா வர்றா?" என்று கேட்டாள். பியூலாவுக்குப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளத் தோன்றியது. வைத்துக்கொண்டாள். நடுவில் வெறும் இருக்கை, நீல ரெக்ஸினில் ஒரு கிழிசல். "ட்ரெயின்ல கேட்டியே," என்றாள். "ஷாரு போனப்ப அவ டீம்ல அவ இடத்துல வேற பொண்ணை நிறுத்திட்டாங்க. நான் பார்த்துக் கை தட்டினேன். இந்த ஜப்பான் குரூப்ல ஒருத்தி போனா, இடத்தை அப்படியே விட்டுட்டு ஆடுறாங்க. அதான்." ஜெமிமாவின் கை தன் குட்டை முடிக்குப் போனது, புருவத்தில் விழுந்த கற்றையைத் தொட்டது, அதைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியது. யார் மாதிரி வெட்டியிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது போலிருந்தது. இரண்டு பேரும் நடு இருக்கையைப் பார்க்காமல் இருந்தார்கள். ஜன்னல் கம்பி வழியாக வெயில் அதன் மேல் விழுந்து நகராமல் கிடந்தது, பஸ் திரும்பியபோதும்.

அம்மா போனில் கூப்பிட்டாள். குரலில் சிரிப்பு இருந்தது. "ஷாரு வந்துட்டாளா?" ஜெமிமா வந்துட்டாம்மா, என்றாள் பியூலா. அவ ஷாரு கட்டில்ல படுக்க மாட்டா, அலமாரியும் வேணாம், ஜன்னல் பக்கம் நாற்காலியை நகர்த்திட்டு அவளுக்குன்னு ஒரு மெத்தை போடலாம், நாளைக்கு நான் போய்க் கட்டில் வாங்குறேன், என்று ஒரே மூச்சில் சொன்னாள். மூச்சு வாங்கியது. அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று அடித்து ஓய்ந்தது. பிறகு அம்மா, சிரிப்பு போன குரலில், பதினான்கு மாதத்தில் முதல்முறையாக உண்மையாகக் கேட்கிறவள் போல, "அப்ப ஷாரு?" என்றாள். அந்த நேரம் கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார். பெண்களுக்குக் காசில்லாத டிக்கெட், அதனால் எங்கே என்றும் கேட்கவில்லை, எத்தனை என்றும் கேட்கவில்லை. அவர்கள் இருக்கையை ஒரு பார்வை பார்த்தார், டிக்கெட் கத்தையிலிருந்து கிழித்து ஜெமிமாவின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். ஜெமிமா எண்ணினாள். மறுபடி எண்ணினாள். மூன்று இருந்தன. அண்ணே என்று கூப்பிட வாயெடுத்தவளின் மணிக்கட்டை, நடு இருக்கைக்கு மேலாகக் கை நீட்டி, பியூலா பிடித்தாள். அந்த இடத்தில் காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலாக இருக்கும். ஜெமிமா அவள் முகத்தைப் பார்த்தாள், மூன்று சீட்டையும் மடித்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். போனில் அம்மா இன்னும் காத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் வர்றோம்மா," என்றாள் பியூலா.